எண்ணூர்க் கழிமுகம்: இயற்கையின் அசைவும் மனிதரின் தலையீடும்

சென்னையின் வடகோடியில் கொசஸ்தலை ஆறு வங்காள விரிகுடாவில் சேரும் இடமே எண்ணூர்க் கழிமுகம். ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு மேற்கிலிருந்தும், பக்கிங்காம் கால்வாய் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும், கடல் கிழக்கிலிருந்தும் வந்து இங்கே கலக்கின்றன. வடக்கே உப்பங்கழிகள், சதுப்புகள், உப்பளங்கள் வழியாக இந்த நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரியோடு தொடர்பு கொண்டிருக்கிறது. கரையோரத்தில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதிக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகள் உள்ளன; அவற்றை ஒட்டியே அனல்மின் நிலையங்களும் நிலக்கரிக் கிடங்குகளும் இரண்டு துறைமுகங்களும், சற்று உள்ளே தள்ளி மணலித் தொழிற்பகுதியும் அமைந்துள்ளன.

கழிமுகச் சூழலில் இயற்கையால் நேர்ந்த மாற்றம் எது, மனிதரால் நேர்ந்த மாற்றம் எது என்று இரண்டு பட்டியல் போட விரும்பும் எவருக்கும் எண்ணூர் நல்ல களமாகத் தோன்றும். அப்படிப் பிரிப்பது தவறான விடைக்கே இட்டுச்செல்லும் என்பது இவ்வாய்வின் வாதம். அலை, மணல், வெள்ளம், உவர்ப்பு ஆகிய இயற்கை விசைகளின் ஊடாகவே இங்கு மனிதச் செயல்கள் வேலை செய்திருக்கின்றன. ஆகவே, "முகத்துவாரம் தூர்ந்தது மணலால்" என்பதும் உண்மைதான். அந்த மணலைத் தள்ளிவிடும் வலுவைக் கழிமுகம் எப்படி இழந்தது என்பதைச் சொல்லாதவரை அது பயனற்ற உண்மை.

தொந்தரவுக்கு முந்தைய ஒழுங்கு

சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது நாள்தோறும் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வதன், ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். எண்ணூரின் உயிர்ச்சூழலுக்கு இதுவே அடிப்படைக் கட்டுப்பாடு. குஜராத்திலோ சுந்தரவனத்திலோ பல மீட்டர் உயரும் ஓதம் தன் முகத்துவாரங்களைத் தானே அகழ்ந்து வைத்துக்கொள்கிறது. எண்ணூரில் ஓதம் அவ்வளவு வலிமையற்றது. அதனால், உள்ளே எவ்வளவு பரப்பில் நீர் பரவ முடிகிறது என்பதைப் பொறுத்தே முகத்துவாரம் திறந்திருக்கும். ஒவ்வோர் ஏற்றத்திலும் உள்ளே நுழைந்து, வற்றத்தில் வெளியேறும் நீரின் கொள்ளளவு பெரிதாக இருந்தால் வாயில் ஓட்டம் விரைவாக இருக்கும், மணல் தங்காது. அந்தக் கொள்ளளவு சுருங்கினால் வாயும் சுருங்கும்.

கரையோர மணலோ ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் சிறிது காலம் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. கோடையில் ஆற்றில் நீர் வராதபோது இந்த மணல் வாயின் குறுக்கே திட்டாகப் படியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பெருமழையில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும்.

நீரின் உவர்ப்பும் இதே சுழற்சியைப் பின்பற்றியது. மழைக்காலத்தில் ஏறத்தாழ நன்னீராகவும், தை மாசியில் இடைப்பட்ட உவர்ப்போடும், கோடையின் உச்சத்தில் ஆவியாதல் காரணமாக உட்பகுதிகளில் கடலைவிடக் கரிப்பாகவும் இருந்த நீரில், அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற உயிரினங்கள் வந்து போயின. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது; அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, சேற்றில் புதைந்தும் மேய்ந்தும் சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா, கழி நண்டு ஆகியவற்றின் வாழ்க்கைச் சுழற்சியிலும் இந்த உள்வரவு தவிர்க்க முடியாத கட்டம். இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்தபடியே சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் தொழில், அந்தச் சேறு எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு செய்தி முக்கியமானது.

பழைய தலையீடுகள்

எண்ணூர்ச் சூழல் அனல்மின் நிலையங்கள் வந்த பிறகே மாறியது என்று எண்ணுவது சரியாகாது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீட்டப்பட்டு, 1870களின் பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாக விரிவுபடுத்தப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. தனித்தனியாக இருந்த உப்பங்கழிகளை அது ஒன்றோடொன்று இணைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அதே வழியில் பிற்காலத்தில் நகரத்தின் கழிவுநீரும் வந்தது.

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபோது வடக்கே நகர்ந்த மணல் தெற்கிலேயே தடுக்கப்பட்டது. மெரினா அகன்றதற்கும், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கரை அரிக்கப்பட்டுக் கருங்கல் கொட்டிக் காக்க வேண்டி வந்ததற்கும் காரணம் ஒன்றே.

1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் விளைவு இதைவிட மெதுவானது, ஆனால் ஆழமானது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்தத் தேக்கம் நகரத்தின் குடிநீருக்காகக் கொசஸ்தலையின் நீரைப் பிடித்து, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குத் திருப்புகிறது. நகரத்துக்கு அது இன்றியமையாதது. அதைக் குறை சொல்வது இங்கு நோக்கமன்று. எனினும் கழிமுகத்தின் பக்கமிருந்து பார்த்தால், முன்பு மழைக்காலம் முழுவதும் படிப்படியாக வந்த நன்னீர், உபரி திறக்கும் சில நாட்களில் மட்டும் பெருவெள்ளமாக வருகிறது. மற்ற நாட்களில் வருவதே இல்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டு, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்ததும் இந்த வற்றலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

இத்தனைக்குப் பிறகும் கழிமுகம் உயிரோட்டத்தோடு இருந்தது. உள்ளே அகன்ற பரப்பும் ஆழமும் இருந்தவரை அது ஒவ்வொரு தலையீட்டையும் ஓரளவு தாங்கிக்கொண்டது.

சாம்பலும் சூடும்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1994 முதல் 1996 வரை படிப்படியாகச் செயல்பாட்டுக்கு வந்தது. மூன்று 210 மெகாவாட் அலகுகள். அதன் இரண்டாம் கட்டமாக இரண்டு 600 மெகாவாட் அலகுகளும், அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் திறனுள்ள கூட்டு நிறுவன நிலையமும் 2010களின் முற்பாதியில் சேர்ந்தன. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பலாகவே மிஞ்சும் என்பதை நினைவிற்கொண்டால், இந்த வட்டாரத்தில் நாள்தோறும் உருவாகும் சாம்பலின் அளவை ஊகிக்கலாம்.

வட சென்னை நிலையத்தின் சாம்பல், கடல்நீரோடு கலந்த குழம்பாகக் குழாய்களின் வழியே செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்பப்பட்டது. அந்தக் குழாய்கள் ஆற்றையும் கால்வாயையும் கடந்து செல்கின்றன. அவை பல இடங்களில் அரித்து, உடைந்து, ஆண்டுக்கணக்கில் கசிந்தன. இது யாரும் மறுக்காத செய்தி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் அளித்த தீர்ப்பில் இந்த மாசுக்கு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரமைப்புக்கு உத்தரவிட்டது.

சாம்பல் சேற்றைப் போன்றதன்று. அதன் நுண்ணிய துகள்கள் ஆற்றுப்படுகையில் படிந்து இறுகும்போது புழுக்களும் மட்டிகளும் துளைத்து வாழ முடியாத ஒரு படலம் உருவாகிறது. அதில் நிலக்கரியிலிருந்து வந்த கன உலோகங்கள் செறிந்திருப்பது இரண்டாவது தீங்கு. வழக்குகளிலும் செய்திகளிலும் கன உலோகமே பெரிதும் பேசப்படுகிறது. மனித நலத்தை நேரடியாகத் தொடுவதால் அது இயல்பே. ஆனால் கழிமுகத்தின் இயக்கத்தைப் பொறுத்தவரை, சாம்பல் விழுங்கிய ஆழமே முதன்மையான இழப்பு என்று கருதுகிறேன். ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் இப்போது முழங்கால் அளவே நீர் நிற்கிறது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். படுகை ஓரடி உயர்ந்தால், அந்த ஓரடிக்கு மேலே பரவி நின்ற ஓதநீர் முழுவதும் கணக்கிலிருந்து கழிகிறது. கழிந்த அளவுக்கு முகத்துவாரத்தின் ஓட்டம் தளர்கிறது. தளர்ந்த ஓட்டத்தில் மணல் நிற்கிறது. வாயை அடைப்பது கடல் கொண்டுவரும் மணல்தான் என்றாலும், அதற்கு இடம் கொடுப்பது பல கிலோமீட்டர் உள்ளே படிந்த சாம்பல்.

மின் நிலையத்தின் குளிர்விப்பு நீரும் கழிமுகத்துக்குள் விடப்பட்டது. கடல்நீரைப் பயன்படுத்தும் அனல்மின் நிலையங்கள், தாம் வெளியேற்றும் நீரால் ஏற்கும் நீர்நிலையின் வெப்பநிலையை 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. குளிர்நாட்டுக் கழிமுகம் ஒன்றில் 7 டிகிரி உயர்வை உயிரினங்கள் தாங்கக்கூடும். சித்திரை வைகாசியில் இயல்பாகவே 30 டிகிரியைத் தாண்டும் எண்ணூரின் ஆழமற்ற நீரில் பல உயிரினங்கள் தாங்கும் வரம்பின் விளிம்பிலேயே வாழ்கின்றன. அங்கே மூன்று நான்கு டிகிரியே போதும். 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்க முடியும்; வெப்பம் கூடக்கூட அது குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. கழிவுநீரின் கரிமப்பொருளும் அதே பிராணவாயுவுக்குப் போட்டியிடும்போது, வாய் அடைபட்ட ஒரு கோடை வாரத்தில் மீன்கள் செத்து மிதப்பதற்குத் தனியாக ஒரு நஞ்சு வேண்டியதில்லை.

துறைமுகம், நிலமீட்பு, வரைபடம்

2001இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகம் முகத்துவாரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடக்கே நகரும் மணலை அதன் தெற்கு அலைதடுப்புச் சுவர் தடுப்பதால், சுவருக்கும் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட கரை மணலால் வளர்ந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் அரிப்பு கூடியது. சென்னைத் துறைமுகம் நூறாண்டுக்கு முன் கற்பித்த அதே பாடம் இருபது கிலோமீட்டர் வடக்கே மறுபடி நடத்தப்பட்டது. ஏற்கெனவே ஓட்டம் தளர்ந்திருந்த வாயின் அருகில் மணல் இருப்பு மிகுந்ததால், இப்போது தூர்வாரும் இயந்திரங்களின் உதவியின்றி வாய் திறந்திருப்பது அரிதாகிவிட்டது.

நீர்ப்பரப்பும் சுருங்கியது. நிலக்கரிக் கிடங்குகள், கன்வேயர் பாதைகள், சாலைகள், மின்கோபுர அடித்தளங்கள் ஆகியவற்றுக்காகச் சதுப்பும் உப்பளமும் அலையாடு நிலமும் மண் கொட்டி மேடாக்கப்பட்டன. 1996இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிமுகப் பகுதி, கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அதிகாரிகள் பயன்படுத்திய வேறொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பே விடுபட்டிருந்ததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே செயற்பாட்டாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். அளவில் அடையாறும் கூவமும் சேர்ந்து சுமப்பதைவிட மிகுதியான வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய ஆற்றின் கடைவாய் இது. இதைக் காகிதத்தில் நிலமாக்கியதன் விலையை மீனவர்களோடு சேர்ந்து வடசென்னையின் தாழ்வான குடியிருப்புகளும் கொடுக்கின்றன.

வந்தேறிய ஆழி

தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்னும் சிப்பியினம் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் பரவிய பின், 2019இல் கேரளத்தின் உப்பங்கழிகளில் இருப்பதாகப் பதிவாயிற்று. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்கள் எடைச் சமநிலைக்காக நிரப்பி வேறிடத்தில் வெளியேற்றும் நீரிலோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ இது வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து.

உவர்ப்பு மிகக் குறைந்த நீரிலும் கடல்நீரிலும் பிழைக்கக்கூடிய இச்சிப்பி, நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து படுகையின்மேல் கம்பளம் விரித்தாற்போல் படர்கிறது. அதன் கீழே சேறு காற்றோட்டமற்றுக் கறுக்கிறது. இறால் புதைய இடமில்லை. மஞ்சள் மட்டிகள் மூச்சடைத்து மடிகின்றன. கையால் துழாவிப் பிடிப்பவர்களின் விரல்களை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. படகுகளையும் வலைகளையும் கொண்டு மட்டும் பிழைப்பவர்களைவிட, கருவி எதுவுமின்றிப் பிடிக்கும் இருளர்களையே இந்தப் படையெடுப்பு முதலில் தாக்கியது.

இதை உயிரியல் விபத்து என்று மட்டும் கொள்ள முடியாது. உள்ளூர் உயிரினங்கள் ஏற்கெனவே மெலிந்து, படுகை இறுகி, நன்னீர் வரத்து ஒழுங்கு குலைந்த இடத்தில் வந்தேறி இனம் வேரூன்றுவது எளிது. கப்பல் கொண்டுவந்து இறக்கியது விதைகளை. அவை முளைக்கும் தரையை ஐம்பதாண்டுத் தொழில்மயம் பண்படுத்தி வைத்திருந்தது. அகற்றும் பணி நடந்தாலும், பழவேற்காடு வரை நீர்த்தொடர்பு இருப்பதால் ஓரிடத்தில் வாரியெடுத்த பரப்பில் மறு பருவத்தில் இளஞ்சிப்பிகள் மீண்டும் ஒட்டுகின்றன.

இரண்டு எண்ணெய்க் கசிவுகள்

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுக் கப்பல் ஒன்றும் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மோதின. கசிந்த அளவு முதலில் மிகச் சிறியதாகச் சொல்லப்பட்டது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட டன் எண்ணெய்க் கசடைத் தன்னார்வலர்கள் வாளிகளால் அள்ளினார்கள். காற்றும் நீரோட்டமும் எண்ணெயைத் தெற்கே கொண்டுசென்றன. எர்ணாவூரின் கருங்கல் கரையில் அது திரண்டு படிந்தது. மெரினா, பெசன்ட் நகர் வரை படலம் சென்றது. கழிமுகத்தின் உட்பகுதி பெருமளவுக்குத் தப்பியது.

2023 டிசம்பரில் நிகழ்ந்ததோ எதிர்த்திசையில். மிக்ஜாம் புயலின் பெருமழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியபோது, மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையில் கலந்து, வீடுகளின் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு போட்டு, அலையாத்திச் செடிகளையும் வலைகளையும் படகுகளையும் கூழைக்கடாக்களின் சிறகுகளையும் பூசிவிட்டுக் கடலுக்குள் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரவியது.

இரண்டையும் ஒப்பிட்டால் இந்த ஆய்வின் மையக் கருத்து தெளிவாகும். ஆண்டுதோறும் வரும் வெள்ளம்தான் எண்ணூருக்கு மருந்தாக இருந்தது: மணல்திட்டை உடைப்பதும், தேங்கிய கழிவை வெளியேற்றுவதும், உவர்ப்பைத் தணிப்பதும் அதன் வேலை. கரையெங்கும் நச்சுப்பொருள்கள் சேமிக்கப்பட்ட பின் அதே வெள்ளம் மாசைச் சதுப்பின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கொண்டுசேர்க்கும் வாகனமாகிவிட்டது. பருவநிலை மாற்றத்தால் குறுகிய நேரத்தில் கொட்டும் மழை மிகுமானால், அதன் விளைவை மழைமானியை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது. நீர் கடந்துவரும் வழியில் என்னென்ன வைக்கப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். எண்ணெயின் நாற்றம் நீங்கும் முன்பே, அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

சீரமைப்பின் வரிசை

முகத்துவாரத்தைத் தூர்வாருவதே எளிதில் கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் அதற்கே முதலில் பணம் ஒதுக்கப்படுகிறது. உள்ளே கொள்ளளவு மீளாமல் வாயை மட்டும் திறந்தால் அடுத்த கோடையில் அது மூடிக்கொள்ளும். ஆற்றுப்படுகையின் சாம்பலை அகற்றுவதும், கொட்டிய மண்ணையும் கைவிடப்பட்ட பாதைகளையும் எடுப்பதும், சாம்பல் குழாய்களைக் கசிவின்றி மாற்றுவதும் முதலில் வர வேண்டியவை. அகற்றிய சாம்பலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது கடினமான கேள்வி. கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது ஆற்றுக்கே திரும்பும். அலையாத்தி நடவு இதற்கெல்லாம் பிறகுதான். சாம்பல் மேட்டில் நட்ட கன்றுகளை எண்ணிக் காட்டுவதால் இறால் குஞ்சுகளுக்குச் சேறு கிடைத்துவிடாது.

கணக்கிடும் முறையும் மாற வேண்டியுள்ளது. ஒவ்வொரு திட்டத்துக்கும் 10 கிலோமீட்டர் ஆரத்தில் தனித்தனியாகச் சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்படுகிறது. எண்ணூரில் இந்த வட்டங்கள் அனைத்தும் ஒரே கழிமுகத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இருந்தும் ஒவ்வோர் அறிக்கையும் தன் திட்டத்தின் பங்கு சிறியது என்றே முடிகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்க முன்மொழியப்பட்ட நிலையில், எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, ஓர் ஓதத்தில் உள்ளே வந்து வெளியேறும் நீரின் அளவு இன்று எவ்வளவு, திட்டத்துக்குப் பின் எவ்வளவு என்பதை அளந்து வெளியிடுவதே முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். அந்த அளவீட்டை வாய் திறந்திருக்கும் தை மாதத்தில் மட்டும் எடுக்காமல், அது அடைபடும் வைகாசியிலும் எடுக்க வேண்டும்.